அகதிப் பிள்ளைகளின் படிப்புக்காகக் குரல் கொடுப்பது: ஓர் எளிய விளக்கம்

அகதிகளின் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று நேருக்கு நேர் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதிகாரியிடம் கேட்டாலும் ஆசிரியரிடம் கேட்டாலும் "பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு, படிக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். நடப்பு வேறாக இருக்கிறது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் பள்ளி வயதில் இருக்கும் அகதிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பேர். அவர்களில் 72 லட்சம் பேர் பள்ளியில் இல்லை. தொடக்கக் கல்வியில் நூற்றுக்கு 65 பேர் சேர்கிறார்கள். அதற்கு மேல் போனால் 42. கல்லூரியில் 7.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நியாயத்துக்கும், ஒரு பிள்ளை வகுப்பறையில் போய் உட்காருவதற்கும் நடுவே நிறைய இருக்கிறது. சட்டம், அரசாணை, விண்ணப்பப் படிவத்தில் நிரப்ப முடியாத ஒரு கட்டம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தயக்கம். அங்கே இறங்கி வேலை செய்வதைத்தான் குரல் கொடுப்பது என்கிறோம். நோட்டுப் புத்தகமும் பையும் வாங்கிக் கொடுப்பது உதவி. அது வேண்டியதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த வருடம் ஒரு பிள்ளைக்குப் போராடி வாங்கியது, அடுத்த வருடம் அடுத்த பிள்ளைக்குக் கேட்காமலே கிடைக்கும்படி நடைமுறையை மாற்றுவது வேறு வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே முட்டுகிறது என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகிலிருந்து அகதிகளாக வாழ்கிறார்கள். போர் மூளும்போதெல்லாம் ஒவ்வோர் அலையாக வந்தார்கள். 2012 வரை வந்தவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2021இல் அரசு சொன்ன கணக்கில் 108 முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டவர்களும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு 34,000க்கும் மேற்பட்டவர்களும் இருந்தார்கள். மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் என்று மாநிலம் முழுக்க முகாம்கள் உண்டு. இன்று அங்கிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களில் பலருடைய அப்பா அம்மாவும் இங்கேயே பிறந்தவர்கள்தான்.

அவர்களே கேட்டுக்கொள்ளக் கூடாதா?

கேட்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே நடத்தும் அமைப்பு. இலங்கைத் தமிழர்களின் தலைவராக இருந்த தந்தை செல்வாவின் மகன் அவர். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று யோசித்து, முகாம்களுக்குள் மாலை நேர வகுப்புகளைத் தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல. முகாமிலேயே படித்த அண்ணன்களும் அக்காக்களும்தான் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஏன் மற்றவர்கள் பேச வேண்டும்? ஒரு சாதாரணக் குடிமகன் கையில் இருக்கும் இரண்டு கருவிகள் அவர்கள் கையில் இல்லை. ஒன்று ஓட்டு. முகாமில் ஆயிரம் பேர் இருந்தாலும் தொகுதி வாக்காளர் பட்டியலில் அவர்கள் இல்லை. குடிநீர்க் குழாய்க்கோ பள்ளிப் பேருந்துக்கோ மனு கொண்டுபோனால், அதைத் தள்ளிப்போடுவதால் யாருக்கும் தேர்தலில் நட்டம் வராது. இன்னொன்று தகவல் அறியும் உரிமை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது. "என் மகளின் உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது?" என்று முகாமில் இருக்கும் ஒரு தாய் சட்டப்படி எழுதிக் கேட்க முடியாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் நீங்கள் அதே துறையிடம் அத்தகைய விண்ணப்பங்களின் நிலையைக் கேட்கலாம், பத்து ரூபாய்க் கட்டணத்தில். குடிமக்களின் குரல் இங்கே ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் யார் பக்கம்?

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்த நாட்டவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. இதைக் கேட்டதும் பலர், அப்படியானால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அதன் 28ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

அதைவிடப் பக்கத்தில் இருப்பது நம் அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும். அரசியல் சட்டத்தில் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கின்றன. 21ஏ அப்படி எழுதப்படவில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் என்றுதான் இருக்கிறது. அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை என்று சட்டம் கேட்கவில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் வாதம் அல்ல. 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சின் இன மக்கள் எல்லை தாண்டி மிசோரம் வந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மிசோரம் பள்ளிக் கல்வித் துறை, இந்தக் கல்வி உரிமைச் சட்டத்தையே மேற்கோள் காட்டி, அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாவட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. புதிதாகச் சட்டம் போடவில்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான். டெல்லியில் ரோஹிங்கியா பிள்ளைகள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம், பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஓரிடத்தில் ஒரு கடிதத்தில் முடிந்த காரியம் இன்னோரிடத்தில் வழக்காகிறது. வித்தியாசம் சட்டத்தில் இல்லை, அதை வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது.

சேர்க்கை மேசையில்

ஒரு குடும்பம் படகில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது அப்படித்தான் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் குடும்பங்கள் வந்து இறங்கின. மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள். நாம் நினைத்துப் பார்க்கும் குடும்பம் வந்தது அக்டோபர் மாதம், கையில் பன்னிரண்டு வயதுப் பையன். தாய் அவனை அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். தலைமை ஆசிரியர் மோசமானவர் அல்ல. ஆனால் அவர் கேட்பவை: டிசி எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே, ஆதார் எண் என்ன, இப்போது பாதி வருடம் போய்விட்டதே, எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் பதில் இருக்கிறது. டிசி வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது 4. ஆதாரைப் பொறுத்தவரை, அது இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தலைமை ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், நாளைக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி "யார் சேர்க்கச் சொன்னது?" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே அவரோடு சண்டைக்குப் போவதைவிட, அந்தத் தாளை அவர் கையில் கொடுப்பதுதான் சரியான வழி. பிரிவு எண்களைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். நகல் ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு, இன்னொன்று முகாமைப் பார்த்துக்கொள்ளும் தனி வட்டாட்சியருக்கு. கொடுத்த இடத்திலெல்லாம் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பெரும்பாலான நேரங்களில் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மேலே போகும் படிகள் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்தில் கொடுத்த புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் என்பது ஒரு பிள்ளைக்கு ஒரு பருவம் முழுக்க. முதல் மேசையிலேயே முடித்துவிடப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆணையால் வந்தது ஆணையால் போன கதை

தமிழ்நாட்டு முகாம்களைப் பொறுத்தவரை, பள்ளிப் படிப்பு பெருமளவு சரியாகவே நடக்கிறது. முகாம் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு அதே அரசுப் பள்ளியில், அதே பாடப்புத்தகம், சீருடை, மதிய உணவோடு படிக்கிறார்கள். உலகத்தில் பல நாடுகளில் இது இல்லை. லெபனானில் பல்லாயிரம் சிரியப் பிள்ளைகள், உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் மாலை ஷிஃப்டில்தான் படித்தார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே இருக்கும் கற்றல் மையங்களுக்குத்தான் போக முடியும். வெளியே இருக்கும் பள்ளியில் சேர முடியாது. அந்த விதத்தில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம்.

இருந்தாலும் அது எப்போதும் அப்படியே இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தொழிற்கல்லூரிகளில் இலங்கைத் தமிழ் மாணவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் தலைகீழானது. கல்லூரி இடங்கள் நின்றன. பள்ளிச் சேர்க்கைக்கே தடை வந்தது. கொலைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தது உரிமையாக அல்ல, சலுகையாக. அதனால் மனநிலை மாறியதும் ஒரு தாளில் நிறுத்த முடிந்தது. பள்ளிக் கதவுகள் பிறகு திறந்தன. இடையில் படிப்பை விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்க்கு மேலான திட்டத்தை அறிவித்தது, முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகையையும் கூட்டியது. மனமாரப் பாராட்ட வேண்டிய நடவடிக்கை. அதோடு அதைச் சட்டமாகவும் நிரந்தர விதியாகவும் மாற்றக் கேட்க வேண்டியது நம் வேலை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்பால்

உண்மையான முட்டுச்சந்து பிளஸ் டூவுக்குப் பிறகுதான் வருகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்குவதில் சிக்கல் இருப்பதால் பெரும்பாலும் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை, எந்த ஒதுக்கீடும் இல்லாமல் மாநிலத்தின் முதல் வரிசை மாணவர்களோடு மோத வேண்டும். விடுதியில் தங்கிப் படித்தால், பதிவில் உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க முகாமில் குறித்த நாளில் நடக்கும் செக்கிங்குக்கு வரவேண்டும், அல்லது முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தேர்வு நாளும் செக்கிங் நாளும் ஒன்றாக வரும்போது அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

மருத்துவம் முற்றிலுமாக அடைபட்டிருக்கிறது என்றே சொல்லலாம். நீட் தேர்வை வெளிநாட்டவரும் எழுதலாம். ஆனால் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். சட்டம் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு குடியுரிமை கேட்கிறது. அரசு வேலைக்கும் அதே தடை. பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாடும் இல்லை. தனியார் நிறுவனங்கள் முகாம் முகவரியைப் பார்த்ததும் யோசிக்கின்றன. கடைசியில் பொறியியல் முடித்தவர் அண்ணனோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். முகாம்களில் பெயிண்டிங்தான் பெரும்பாலான ஆண்களின் பிழைப்பு.

இதை வீட்டில் இருக்கும் தம்பி பார்க்கிறான். டிகிரி வாங்கிய அண்ணனும் பத்தாவதோடு நின்ற பக்கத்து வீட்டு அண்ணனும் காலையில் ஒரே பைக்கில், ஒரே பிரஷ் பையோடு கிளம்புகிறார்கள். அவன் பதினொன்றாம் வகுப்பில் படிப்பை நிறுத்தினால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது கணக்கின் விடையை. பள்ளியில் இடம் வாங்கித் தருவதோடு நிற்கும் முயற்சி பாதி வேலைதான் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இங்கே முடிச்சு குடியுரிமையில் விழுந்திருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்த அடிப்படையில்தான். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் இன்று பள்ளியில் இருப்பவர்கள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். சட்டம் இறுகிவிட்ட காலம் அது. குடியுரிமைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி திறந்துவிட்ட நாடுகளில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. நல்ல செய்தி. ஆனாலும் அது குடியுரிமை ஆகாது.

திரும்பிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யாமல் போனால், அங்கே பள்ளியில் சேர்ப்பதே இழுபறியாகும். இங்கே வாங்கிய பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை அங்குள்ள சாதாரண தரம், உயர்தரத்துக்கு இணையென்று ஏற்க வைக்க வேண்டும். சிங்களம் ஓர் எழுத்துகூடப் படிக்காத பிள்ளை அது. கிளம்புவதற்கு முன்பே இந்தத் தாள்களைச் சரிசெய்து கொடுப்பதும் கல்விக்காகப் பேசுவதில்தான் சேரும்.

பேசும்போது கவனிக்க வேண்டியது

முதலில் அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். முகாம் பதிவு, மாதாந்திர உதவித்தொகை, உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு போலீஸின் கண்காணிப்பு எல்லாம் அவர்கள் தலைக்கு மேல் இருக்கின்றன. உங்களுக்கு ஒரு பதிவாகத் தெரிவது அவர்களுக்கு விசாரணையாக முடியலாம். பிள்ளையின் படத்தையும் பெயரையும் முகாமின் பெயரோடு சேர்த்து வெளியிட வேண்டாம், நல்ல மதிப்பெண் வாங்கிய மகிழ்ச்சியான செய்தியாக இருந்தாலும். முகாமிலேயே தலைவர்களும் பட்டதாரிகளும் மாலை வகுப்பு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எதை முதலில் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை எழுத்தில் கொண்டுவந்து, நம் கையெழுத்தையும் ஓட்டையும் அதற்குப் பின்னால் நிறுத்துவதுதான் நம் பங்கு.

"அகதிகளின் கல்விக்கு ஆவன செய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுதப்பட்ட மனுவை எந்த அதிகாரியும் மகிழ்ச்சியோடு கோப்பில் வைத்துவிடுவார். அவர் ஒரு கையெழுத்தில் செய்யக்கூடியதாகக் கேளுங்கள். விடுதியில் படிக்கும் மாணவர்களுக்குக் கல்லூரி தரும் போனபைட் சான்றிதழே செக்கிங் விலக்குக்குப் போதும் என்று மறுவாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். பள்ளிகளுக்கு மிசோரம் அனுப்பியது போன்ற ஒரு கடிதத்தை நம் பள்ளிக் கல்வித் துறையும் அனுப்பலாம். இந்தியாவில் பிறந்து, பன்னிரண்டு ஆண்டும் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த முகாம் பிள்ளைகளை மாநில மருத்துவ இடங்களுக்குப் பரிசீலிக்கும்படி சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்பலாம். மருத்துவச் சேர்க்கைக்கான விளக்கக் குறிப்பேடு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெளியாகிறது. விதியை மாற்றக் கேட்கும் மனு அது அச்சுக்குப் போவதற்கு முன்பே சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். நீட் முடிவு வந்து, ஒரு பிள்ளை அழுத பிறகு எழுதினால் அந்த ஆண்டு போய்விடும்.